கலெக்டர் ஆபீஸைப் பிடித்துவிட்டார்கள்: முற்றுகைத் திரில்லர் எழுதவும் எடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயுதக் கும்பல் ஒன்று அரசுக் கட்டடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே பணயக்கைதிகள், வெளியே போலீஸ், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சாதாரண ஆள். கேட்டதும் தலையாட்ட வைக்கும் ஒன்லைன்தான். ஆனால் இந்த வகை ஸ்கிரிப்ட்களில் பாதிக்கு மேல் நாற்பதாவது பக்கத்தில் மூச்சு வாங்கிவிடும். ஆக்‌ஷன் போதவில்லை என்று நினைத்து இன்னும் பத்து அடியாட்களைச் சேர்ப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கும், பகல் ஒரு மணிக்கு அந்த அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. முற்றுகைக் கதையில் திருப்பமெல்லாம் இந்தச் சில்லறைத் தகவல்களிலிருந்துதான் வரும்.

முதலில் கட்டடம்

தலைமைச் செயலகம் வேண்டாம். பார்வையாளர்களில் பெரும்பாலானோர் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கால் வைத்ததில்லை. எதைக் காட்டினாலும் சரி என்பார்கள், எதிலும் பதற மாட்டார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அப்படியில்லை. பட்டா மாறுதலுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ வீட்டில் ஒருவராவது அங்கே வரிசையில் நின்றிருப்பார்.

கதை நடக்கும் நாள் திங்கட்கிழமை. அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள். கூட்ட அரங்கில் ஆட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் போலீஸார் மனுதாரர்களின் பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீக்குளிப்பு முயற்சிகளுக்குப் பிறகு வந்த வழக்கம் அது. உங்கள் முதல் ஷாட் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

இந்தக் கட்டடத்துக்குள் கதைக்கு உதவும் பொருட்கள் ஏராளம். 1077 என்ற பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே இயங்குவது. கட்டடம் பிடிபட்ட செய்தி பரவியதும் பதறிப்போய் 1077ஐ அழுத்துபவரின் அழைப்பு, பிடிபட்ட அதே கட்டடத்துக்குள் மணியடிக்கும். எடுப்பது யார்? இந்த ஒரு கேள்வியே மூன்று காட்சி தரும். இதுபோக வீடியோ கான்பரன்ஸ் அறை, பதிவறையில் துணியில் கட்டிய பழைய மூட்டைகள், தபால் பிரிவு, ஆட்சியரின் காரில் உள்ள வயர்லெஸ் எல்லாம் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. மாவட்டத்துக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். உண்மையான எந்த அலுவலகத்தின் வரைபடத்தையும் அப்படியே எடுக்காதீர்கள். கும்பல் எப்படி உள்ளே நுழைந்தது என்பதை விலாவாரியாகக் காட்டவும் தேவையில்லை. படம் சூடுபிடிப்பது அவர்கள் நுழைந்த பிறகு ஏற்படும் குழப்பத்தில்தான். நுழைவுக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

கிராஃப் தாளில் வரைபடம்

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனித் தாளில் வரையுங்கள். வசனம் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கட்டடம் பழையதா புதியதா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்றால் தடித்த செங்கல் சுவர், உயரமான கூரை, சுற்றி வராந்தா, தேக்குக் கதவு. புதிய ஒருங்கிணைந்த வளாகம் என்றால் கான்கிரீட் தூண்களுக்கு நடுவே அலுமினியத் தடுப்பு, கண்ணாடி, பொய்க்கூரை. பழையதில் சுவர் குண்டைத் தாங்கும், ஆனால் அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. புதியதில் இருமினால்கூட அடுத்த பிரிவுக்குக் கேட்கும். தடுப்புக்குப் பின்னால் ஒளிபவருக்குப் பாதுகாப்பும் கிடையாது. இரண்டையும் கலந்து எழுதினால் முதல் சண்டையிலேயே பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

தூரத்தை நொடிக்கணக்கில் குறித்து வையுங்கள். சாதாரண நடை நொடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர். 60 மீட்டர் வராந்தாவைக் கடக்க 50 நொடி ஆகும். தலைவன் ‘உடனே வா’ என்று வாக்கிடாக்கியில் கத்த, மறுமுனையில் இருப்பவன் அடுத்த ஷாட்டிலேயே வந்து நின்றால் கட்டடம் சுருங்கிவிடுகிறது. அந்த 50 நொடிதான் உங்கள் சஸ்பென்ஸ்.

பிறகு அறைகளை எண்ணுங்கள். 1980 ஏப்ரல் 30 அன்று லண்டனில் ஈரான் தூதரகத்தைப் பிடித்தவர்கள் ஆறு பேர். பிரின்சஸ் கேட் தெருவில் 16ஆம் எண் கட்டடம் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள். ஆறு பேரால் ஐம்பது அறையைக் காக்க முடியாது. அதனால் பணயக்கைதிகளை ஓரிரு அறைகளில் அடைத்து, மற்ற இடங்களை விட்டுவிடுவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. உங்கள் கும்பலுக்கும் இதே கணக்கு பொருந்தும். காவலில்லாத அந்த அறைகளில்தான் கதாநாயகன் நடமாடுவான். ஐம்பது அடியாட்களை வைத்தால் அவன் மூச்சுவிடவே இடமிருக்காது. பிறகு ஐம்பது பேரையும் ஏமாளிகளாக்கித்தான் கதையை நகர்த்த வேண்டியிருக்கும். ஆறு முதல் எட்டுப் பேர் போதும்.

கூட்டத்தைச் சலிப்பது

திங்கட்கிழமை வளாகத்தில் நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள். அத்தனை பேரையும் பணயமாக வைத்தால் கதையும் நடக்காது, பட்ஜெட்டும் தாங்காது. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பேட்டா, சாப்பாடு, வேன் என்று முப்பது நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

வழி உண்மைச் சம்பவத்திலேயே இருக்கிறது. 1996 டிசம்பர் 17 அன்று பெரு நாட்டின் லிமாவில், ஜப்பான் தூதரின் இல்லத்தில் நடந்த விருந்துக்குள் டூபாக் அமாரு என்ற இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்தினர் 14 பேர் புகுந்தார்கள். கையில் சிக்கியவர்கள் நூற்றுக்கணக்கில். பெண்களை முதல் இரவே வெளியே அனுப்பினார்கள். அடுத்தடுத்து விடுவித்துக் கடைசியில் வைத்துக்கொண்டது 72 பேரை. விடுவிப்பது இரக்கம் மட்டுமல்ல, நிர்வாகச் சிக்கலும்கூட. சோறு, தண்ணீர், கழிப்பறை, மருந்து என்று ஒவ்வொரு தலைக்கும் ஒரு செலவு உண்டு.

உங்கள் கதையில் முதல் இருபது நிமிடத்துக்குள் கூட்டத்தை முப்பதாக்குங்கள், அதில் முகமும் பெயரும் உள்ளவர்கள் எட்டுப் பேர் இருக்கட்டும். யார் வெளியே போகிறார், யார் தங்குகிறார் என்பதிலேயே வில்லனின் குணத்தைக் காட்டிவிடலாம். லண்டனில் விடுவிக்கப்பட்ட ஒருவர் விஷயத்தில், இரவெல்லாம் அவர் விட்ட குறட்டை தாங்காமல்தான் அனுப்பினார்கள் என்று பிறகு சொல்லப்பட்டது. எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் உட்கார்ந்து யோசித்தால் இது வராது.

முகமும் பெயரும் உள்ள அந்த எட்டுப் பேருக்கும் உடம்பு சார்ந்த ஒரு தேவை கொடுங்கள்: இன்சுலின், தாய்ப்பால் கட்டிய மார்பு, அடக்க முடியாத சிறுநீர், கண்ணாடி உடைந்துபோன கண். ‘நல்லவர்’, ‘கோழை’ என்று பட்டியலிட்டு எழுதுவதைவிட இது பலமடங்கு வேலை செய்யும்.

கோரிக்கை சுருங்க வேண்டும்

வில்லன் கேட்பது ஒரு வரியில் சொல்லக்கூடியதாக, எண்ணக்கூடியதாக இருக்கட்டும். லண்டனில் கேட்டது ஈரானின் குசெஸ்தானில் சிறையிலிருந்த 91 அரபுக் கைதிகளின் விடுதலை. நாள் போகப்போக அது கரைந்து, தங்கள் அறிக்கையை பிபிசி வாசித்தால் போதும், பத்திரமாக வெளியேற விட்டால் போதும் என்ற அளவுக்கு இறங்கியது. சினிமாவில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரம் போகப்போக வில்லன் இன்னும் பெரிதாகக் கேட்கிறான். களைத்துப்போன, தூக்கமில்லாத மனிதன் கேட்பது குறையும். குறைந்தும் கிடைக்கவில்லை என்னும்போதுதான் அவன் உண்மையிலேயே ஆபத்தானவன் ஆகிறான். லண்டனில் ஆறாம் நாள், மே 5 அன்று, தூதரகத்தின் பத்திரிகை அதிகாரி அப்பாஸ் லவாசானியைக் கொன்று உடலை வாசலில் போட்டார்கள். அதன்பின் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

கெடு வைத்தால் அது தவற வேண்டும், ஒருமுறையாவது எதுவும் நடக்காமல். லண்டனில் கெடுக்கள் வந்துவந்து கடந்துபோயின. முதல் கெடுவிலேயே ஓர் உயிரைப் பலிகொடுத்தால் அடுத்ததற்கு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வெளியே நிற்பவர்கள்

இங்கேதான் தமிழ் ஸ்கிரிப்ட்கள் அதிகம் சறுக்கும். கமாண்டோக்கள் பத்தாவது நிமிடத்தில் ஹெலிகாப்டரில் இறங்குவார்கள். நடைமுறை வேறு. முதலில் வருவது உள்ளூர் ஸ்டேஷன் எஸ்.ஐ., கையில் லத்தி. அப்புறம் எஸ்.பி., மாவட்ட ஆயுதப்படை, வெடிகுண்டு கண்டறியும் பிரிவு. தேசியப் பாதுகாப்புப் படை கேட்டதும் வந்துவிடாது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை தாக்கப்பட்டபோது அந்தப் படை ஹரியானாவின் மானேசரிலிருந்து கிளம்பிக் களத்தில் இறங்குவதற்குள் மறுநாள் காலையாகிவிட்டது. அந்தத் தாமதத்தால்தான் 2009இல் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய இடங்களில் அதன் மையங்கள் வந்தன. உங்கள் கற்பனை மாவட்டம் தெற்கே இருந்தால் சென்னையிலிருந்து வந்துசேரும் நேரம் ஒரு முழு அங்கத்துக்கான கடிகாரம். அதை வீணாக்காதீர்கள்.

பேச்சுவார்த்தை நடத்துபவரைப் பற்றி ஒரே விதி: அவரிடம் அதிகாரம் இருக்கக்கூடாது. ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதே அவருடைய ஆயுதம். முடிவெடுக்கக்கூடிய எஸ்.பி.யே போனில் பேசினால், வில்லன் ‘ஆமா, இல்லை, ஒன்று சொல்லு’ என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். அரசு ஊழியருக்கு இந்த வசனம் புதிதல்ல என்பதால் நம் ஊர்க் கதையில் இதற்கு ஒரு நகைச்சுவையும் உண்டு. மனுக் கொடுக்கப் போய் இதே பதிலைப் பத்து வருடம் கேட்டவன்தான் துப்பாக்கியோடு உள்ளே இருக்கிறான் என்று வைத்தால், போன் உரையாடல் எப்படிக் கொதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிவி நேரலை விஷயத்தில் கவனம். மும்பையில் தாக்கியவர்களை இயக்கியவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்தே போனில் உத்தரவிட்டார்கள். கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அந்த நேரலைகளைக் கண்டித்தது. 2015இல் கேபிள் டிவி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையாகக் காட்டக்கூடாது, அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றானது. எனவே வில்லன் செய்திச் சேனலைப் பார்த்துப் போலீஸ் நகர்வைத் தெரிந்துகொள்ளும் காட்சி இப்போது பழசு. எதிர் மாடியில் நின்று போனில் லைவ் போடும் காலேஜ் பையனை வையுங்கள், நம்புவார்கள்.

கதாநாயகன்: டபேதார்

விடுமுறையில் வந்த ராணுவ வீரன் தற்செயலாக அங்கே இருந்தான் என்பதை நூறு முறை பார்த்தாயிற்று. வெள்ளைச் சீருடை, குறுக்கே சிவப்புப் பட்டை, ஆட்சியரின் உதவியாளரான டபேதார். எல்லா அறைக்கும் போய்வருபவர், எந்த அதிகாரி எப்போது எழுந்துபோவார் என்று தெரிந்தவர், யார் கண்ணிலும் படாதவர். உங்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவரிடம் மறைக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும். லண்டன் தூதரக வாசலில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் டிரெவர் லாக், மேல்கோட்டுக்குள் ஒரு ரிவால்வரோடு பிடிபட்டார். மேலோட்டமாகச் சோதித்தவர்களுக்கு அது சிக்கவில்லை. ஆறு நாளும் கோட்டைக் கழற்றவில்லை. கழிப்பறைக்குப் போனால் காவலாள் பார்த்துவிடுவான் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். துப்பாக்கி இருக்கிறது, பயன்படுத்த முடியாது, பசி, புழுக்கம். சஸ்பென்ஸ் என்றால் இதுதான். டபேதாரிடம் துப்பாக்கி வேண்டாம். பட்டைக்குள் செருகிய ஒரு சாவிக்கொத்து போதும். குனிந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். அவர் டீ கொடுக்கக் குனியும் காட்சியை மூன்று நிமிடத்துக்கு இழுக்கலாம்.

குண்டுக் கணக்கு

ஏ.கே. ரகத் துப்பாக்கியின் மேகசினில் 30 தோட்டா. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 என்ற வேகத்தில், விசையை விடாமல் பிடித்தால் மூன்று நொடியில் காலி. இந்தியத் தயாரிப்பான இன்சாஸ் ரைஃபிளில் 20. போலீஸின் 9 எம்.எம். பிஸ்டலில் 13, கிளாக் 17 பிஸ்டலில் 17. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நெடுவரிசை போட்டு, காட்சிவாரியாக எத்தனை சுட்டார், எப்போது மாற்றினார் என்று எழுதிவையுங்கள். ஃபைட் மாஸ்டர் கையில் இந்தத் தாள் இருந்தால் மேகசின் மாற்றும் இடைவெளியையே அவர் ஒரு ஸ்டன்ட்டாக்கித் தருவார்.

மூடிய வராந்தாவில் ரைஃபிள் வெடித்தால் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். அடுத்த சில நிமிடம் யாருக்கும் சரியாகக் காது கேட்காது. குசுகுசு வசனத்தை அங்கே வைக்காதீர்கள். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து தப்பிப்பதும் வேண்டாம். அந்தத் தகடு ரைஃபிள் குண்டை நிறுத்தாது. நெருக்கி அடுக்கிய ஆவணக் கட்டுகள் தகட்டைவிடத் தேவலை, அதற்கும் உத்தரவாதமில்லை.

கடைசித் தாக்குதல் கோணலாகப் போகட்டும்

திட்டமிட்டபடியே முடிந்த மீட்பு நடவடிக்கை திரையில் ஓர் உடற்பயிற்சி வகுப்பு மாதிரிதான் இருக்கும். லண்டனில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். வீரர்கள் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது ஒருவர் சிக்கிக்கொண்டார். இன்னொருவரின் கால் பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. சத்தம் கேட்டுவிட்டது, குறித்த நேரத்துக்கு முன்பே தொடங்க வேண்டியதாயிற்று. திரைச்சீலை பற்றி எரிந்து, கயிற்றில் தொங்கியவருக்குத் தீக்காயம். மொத்தம் 17 நிமிடம். அந்த நேரத்தில் கும்பலின் தலைவன் போலீஸோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் லாக் அவன்மேல் பாய்ந்தார்.

லிமாவில் வேறு வகைப் பொறுமை. 126 நாள் முற்றுகை. ராணுவத்தினர் வீட்டை நோக்கிச் சுரங்கம் தோண்டும் ஓசையை மறைக்க வெளியே உரக்கப் பாட்டுப் போட்டார்கள்; வீட்டைப் போலவே ஒரு மாதிரிக் கட்டடம் எழுப்பி ஒத்திகை பார்த்தார்கள். 1997 ஏப்ரல் 22 பிற்பகல், உள்ளே கிளர்ச்சியாளர்கள் வழக்கம்போல் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது தரைக்கடியில் ராணுவம் வைத்த வெடி வெடித்தது. அவர்களின் அன்றாடப் பழக்கமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. உங்கள் வில்லனுக்கும் முதல் பாதியிலேயே ஒரு பழக்கம் விதையுங்கள்: நான்கு மணிக்கு டீ என்றாலும் சரி.

மீட்கப்பட்டவர்களை உடனே கட்டிப்பிடித்து அழ விடாதீர்கள். லண்டன் தூதரகத்திலிருந்து வெளியே வந்தவர்களைப் புல்தரையில் படுக்கவைத்துக் கையைக் கட்டினார்கள், கும்பலில் எவனாவது கலந்திருக்கலாம் என்று. ஒருவன் உண்மையிலேயே கலந்திருந்தான். இந்த ஐந்து நிமிடம் பல படங்களில் விடுபட்டுப்போகிறது.

நீளமும் இடைவேளையும்

‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற கணக்கு நம்மூர் இரண்டு பத்தி ஸ்கிரிப்டுக்குப் பொருந்தாது. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதினால் சண்டை ஒரு வரியில் முடிந்திருக்கும், திரையில் மூன்று நிமிடம் ஓடும். ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டு வாசித்தே நீளம் பாருங்கள். காலை 11 முதல் மாலை 6 வரை நடக்கும் கதை 130 நிமிடத்தில் அடங்கினால் நல்லது. இன்டர்வல் பிளாக்கில் வெடிகுண்டு வைப்பதைவிட, வெளியே இருக்கும் ஒருவர் உள்ளே இருப்பவரோடு சம்பந்தப்பட்டவர் என்று தெரியவைப்பது நீண்ட நேரம் தாங்கும்.

எடுக்கும்போது

உண்மையான அலுவலகத்தில் வெளிப்புறக் காட்சிக்கே அனுமதி வாங்குவது பாடு, உட்புறத்துக்கு செட்தான். நிஜ வராந்தா ஆறடி என்றால் செட்டில் எட்டடி போடுங்கள், டிராலியும் நடிகரும் சேர்ந்து போக வேண்டும். ஒரு பக்கச் சுவர் கழற்றும்படி இருக்கட்டும். ஆவணக் கட்டுகளுக்குப் பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். யாருடைய பெயரும் முகவரியும் உள்ள தாள் கேமராவுக்கு முன் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அசோகச் சின்னத்தை இஷ்டத்துக்கு வரையவும் கூடாது. அதன் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2005ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஜன்னல் வெளிச்சம்தான் அதிகம் சொதப்பும் இடம். கதையில் ஏழு மணி நேரம், படப்பிடிப்பில் முப்பத்தைந்து நாள். ஒவ்வொரு காட்சிக்கும் மணி குறித்து, வெயில் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு நீளம் என்று கேமராமேனோடு முன்பே ஒரு அட்டவணை போடுங்கள். ஜன்னலுக்கு வெளியே இயற்கை வெளிச்சத்தை நம்பாமல் கறுப்புத்துணி கட்டி லைட் கொடுப்பதே பாதுகாப்பு.

துப்பாக்கியில் சமரசமே வேண்டாம். டம்மி கன் போதும். முனையில் தெரியும் நெருப்பை வி.எஃப்.எக்ஸில் போட்டுக்கொள்ளலாம். வெற்றுத் தோட்டா என்றால் ஆபத்தில்லை என்பது பொய். 1984இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தலையில் வைத்துச் சுட்டு இறந்தார். முனையிலிருந்து பாய்ந்த வெடிப்பின் வேகமே போதுமானதாக இருந்தது. 1993இல் பிராண்டன் லீ இறந்தது வேறு வகை. முன்பு எடுத்த காட்சியில், சரியாகச் செய்யப்படாத டம்மி தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்தது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. அடுத்து போட்ட வெற்றுத் தோட்டா அதை உந்தித் தள்ளியது. 2021இல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தபோது செட்டில் நிஜத் தோட்டாவே கலந்திருந்தது. ஆகவே டம்மி என்றாலும் ஆயுதங்களுக்குப் பொறுப்பு ஒரே ஆள், பூட்டிய பெட்டி, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் திறந்து காட்டுவது, கேமராவை நோக்கிச் சுடும் ஷாட்டில் கேமராவுக்குப் பின்னால் யாரும் நிற்காமல் இருப்பது. உடையில் பொருத்தி ரத்தம் சிதறச் செய்யும் சிறு வெடியான ஸ்க்விப்பை அனுபவமுள்ள ஆள் மட்டுமே தொட வேண்டும்.

தணிக்கையில் 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகிவிட்டது. பணயக்கைதியை அருகிலிருந்து சுடும் ஷாட்டை எடுப்பதற்கு முன்பே எந்தப் பிரிவுக்குப் போகிறீர்கள் என்று தயாரிப்பாளரோடு பேசிவிடுங்கள். எடிட்டிங் டேபிளில் வெட்டினால் தாளம் கெடும்.

பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுமையான இறுதி ஸ்கிரிப்ட், தயாரானதும் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தாசில்தார், இன்னொருவர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் வாக்கிடாக்கி பேச்சைத் திருத்துவார். தாசில்தார் பென்சிலை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தில் நிறுத்தி, ‘திங்கட்கிழமை இந்த நேரத்துக்கு ரெக்கார்ட் ரூமை யாரும் பூட்ட மாட்டாங்க சார்’ என்பார். அந்த ஒரு வரிக்காக இருபது பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டி வரலாம். எழுதுங்கள்.